சருகை எரிக்கவா, தென்னை மூட்டில் போடவா: இடவப்பாதிக்கு முந்தைய முற்றத்து வேலைகள்

கேள்வி, ஏப்ரல் 19

குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் வீடு. 14 சென்ட் புரையிடம் (வீடும் மரமும் நிற்கிற மனை). தென்னை, ஒரு வருக்கைப் பலா, ரெண்டு மா, ஒரு அயினி, கொஞ்சம் வாழை நிற்கிறது. இந்த மாதம் சருகு வாரி மாளவில்லை. மாமனார் விடியற்காலையிலேயே வாரிக் கூட்டித் தீ வைத்துவிடுகிறார். எரித்தால் பூச்சி சாகும், சாம்பல் தென்னைக்கு உரம் என்கிறார். எரிக்கவே கூடாது என்கிறது யூடியூப். யார் சொல்வதைக் கேட்க? மழைக்கு முன்னால் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

ஏப்ரல் 20

மாமனார் சொல்வதில் பாதி சரி. சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. நம் மேற்குப் பக்கத்துச் செம்மண் புளிப்பு மண், அதில் கொஞ்சம் சாம்பல் விழுந்தால் தென்னைக்கும் வாழைக்கும் நல்லதுதான். ஆனால் அந்த ரெண்டு கை சாம்பலுக்காக அவர் கொளுத்துவது எவ்வளவு என்று பாருங்கள். இலையில் மிச்சமிருந்த தழைச்சத்து புகையோடு போகிறது. மண்ணை மூடிக் கிடக்க வேண்டியதும் போகிறது. மேட (சித்திரை) மாதத்து வெயிலில் வெறுமையாகக் கிடக்கும் மண்ணை மத்தியானம் தொட்டால் கை சுடும், தென்னையின் உறிஞ்சு வேர்களோ பெரும்பாலும் மேல்மண்ணில். அப்புறம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) வந்து விடாமல் அடிக்கும்போது சரிவான புரையிடத்தின் மேல்மண் ரோட்டு ஓடையில் சிவப்பாக ஓடும். சருகு கிடக்கிற இடத்தில் அந்த ஓட்டம் நிற்கும்.

தென்னை மூட்டிலிருந்து (அடிமரத்திலிருந்து) ஒரு சாண் விட்டு, ஆறடி தூரம் வரை வட்டமாகப் பரப்புங்கள். அரை அடி உயரத்துக்குப் போட்டாலும் ரெண்டு மழையில் நாலு விரல் அளவுக்கு அமுங்கிவிடும், பயப்பட வேண்டாம்.

மாமனாருக்குச் சாம்பல் வேண்டும் என்றால் விறகடுப்புச் சாம்பலைச் சேர்த்து வையுங்கள். யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் அதைக் கலக்கக் கூடாது, தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.

ஏப்ரல் 20, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. முற்றத்துத் தீயில் இலை மட்டும் எரிகிற வீட்டை நான் பார்த்ததில்லை. பால் கவர், பிஸ்கட் கவர், தைலக் குப்பி மூடி, பிள்ளைகளின் அறுந்த செருப்பு எல்லாம் அதில்தான் போகிறது. அந்தச் சாம்பலை உரம் என்று சொல்லி என்னிடம் வாதாட வராதீர்கள்.

ஏப்ரல் 23

குலசேகரத்து அண்ணன் ஒருவர்: "சருகு போட்டால் சிதல் (கறையான்) வரும். மரத்தில் ஏறும், வீட்டு ஜன்னல் சட்டத்திலும் ஏறும்."

நியாயமான பயம். ஆனால் சருகு போடாத வீட்டிலும் சிதல் இருக்கிறது. வளர்ந்த தென்னையை அது ஒன்றும் செய்வதில்லை. காய்ந்த மேல்தொலியைச் சுரண்டித் தின்று மண் பூசிவிட்டுப் போகும், வாரியலால் (துடைப்பத்தால்) ரெண்டு தட்டுத் தட்டினால் உதிரும். மோசம் இளங்கன்றில்தான். போன வருடம் வைத்த ஒட்டுமாங்கன்று, தென்னம்பிள்ளை, புதிதாக ஊன்றிய மரச்சீனி (மரவள்ளி) கம்பு, இவற்றின் தூரை ஒட்டிக் காய்ந்த சருகு கிடக்கவே கூடாது. ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், கன்று நடுகிற குழியில் வேப்பம்புண்ணாக்கு ஒரு பிடி போடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி எதுவும் வேண்டாம், நாலடியாவது வெறுந்தரையாக இருக்கட்டும்.

சருகு எல்லாம் ஒன்று என்று நினைக்கக் கூடாது. ரப்பர் இலையும் முருங்கை இலையும் ஒரு மழைக்காலத்தில் இருந்த இடம் தெரியாமல் போகும். பலா, கொல்லமா (முந்திரி) இலை தோல் கெட்டி, அடுத்த கோடை வரை கிடக்கும். மூடிக் கிடப்பதற்கு அதுதான் தோது. தேக்கிலை அகலமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து மழைத்தண்ணீரை உள்ளே விடாது, வெட்டோத்தியால் (வெட்டரிவாளால்) கொத்திப் போட வேண்டும். ஓலையைப் பற்றித் தனியாக எழுதலாம். ஒரு தென்னை வருடத்துக்குப் பன்னிரண்டு ஓலை வரை கழிக்கும். மட்டை அடுப்புக்கு, ஈர்க்கு வாரியலுக்கு, மிச்சத்தை மூன்று துண்டாக வெட்டி மூட்டில் அடுக்கினால் காற்றில் பறக்கிற மற்ற சருகையும் அது பிடித்து வைக்கும். காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தென்னோலையை மண்புழு உரமாக்கும் முறையையே உருவாக்கியிருக்கிறது. ஓலை மட்காது என்று சொல்பவர்கள் அதைப் போய்ப் பார்க்கலாம்.

ஏப்ரல் 26

நேற்றுச் சாயங்காலம் இங்கே, திருவட்டாறு பக்கம், இடியோடு ஒரு கோடை மழை. காற்று வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போயிற்று. இன்றைக்குக் காலையில் ரோட்டில் போகிற ஆட்டோவில் எல்லாம் வாழைக்கன்று.

எனக்கு இந்த அவசரம் பிடிப்பதில்லை. ஒரு மழையை நம்பி நட்டால் அடுத்த ரெண்டு வாரம் வெயில் காய்ச்சும், கிணற்றிலும் தண்ணீர் இருக்காது. இந்த மழையில் செய்ய வேண்டிய வேலை வேறு. தென்னைக்குத் தடம் (மூட்டைச் சுற்றி வட்டப் பாத்தி) வெட்டுவதற்கு இதுதான் நாள். போன வாரம் மம்பட்டி விழுந்து தெறித்த மண் இன்றைக்குக் கேட்கிறபடி வருகிறது. மூட்டிலிருந்து ஆறடி தூரம் வரை வட்டமாக மேல்மண்ணை ஆழமில்லாமல் இழுத்து விளிம்பில் வரப்பாகப் போடுங்கள். மூட்டைச் சுற்றி ஆழமாகத் தோண்டி வேரை அறுக்கிறவர்களைத் தடுக்க முடிவதில்லை. கூலிக்கு வருபவர்கள் ஆழம் வெட்டினால்தான் வேலை செய்ததாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள் போல. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

தடம் வெட்டியதும் உரம் போட்டுவிடலாமா என்றால், ஜூன் வரை பொறுங்கள். காய்க்கிற மரம் ஒன்றுக்கு வருடத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அதை ஜூன்-ஜூலையில் பாதி, டிசம்பர்-ஜனவரியில் பாதி என்று பிரித்துப் போடச் சொல்கிறார்கள். கொட்டுகிற மழையில் போட்டால் கரைந்து ஓடையில் போகும். ரெண்டு மழைக்கு நடுவே வெயில் தெளிகிற நாள் பார்க்க வேண்டும்.

சேனை பற்றிக் கேட்டவருக்கு: "கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு" என்று எங்கள் அத்தை சொல்வாள். அந்தக் கணக்குப்படி நீங்கள் ரெண்டு மாதம் பிந்திவிட்டீர்கள். ஆனால் மேடம் பத்து, பத்தாமுதயத்தன்று விதை போடுவதும் நம் ஊர் வழக்கம்தானே. துண்டைச் சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி, இப்போது வைத்தாலும் வரும். குடம் வராது, குழம்புக்கு வரும்.

ஏப்ரல் 27

ஆரல்வாய்மொழிக்காரர் கோபப்பட்டிருக்கிறார்: "எங்கே மழை? இங்கே காற்றுதான்." சரிதான். ஒரே மாவட்டம் என்று பெயர், மலையோரத்தில் குடை பிடிக்கிற நேரத்தில் தோவாளையில் துணி காயும். நான் எழுதுகிற தேதிகளைக் கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆட்கள் கிணற்றையும் வானத்தையும் பார்த்து அவரவர் தள்ளிப்போட வேண்டியதுதான்.

மே 2

கதம்பை, அதாவது உரித்த தேங்காயின் நார்மட்டை. எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு கும்பாரம் (குவியல்) கிடக்கிறது, கேட்டால் விறகு என்கிறார்கள். காஸ் அடுப்பு வந்த பிறகு எந்த விறகு?

தென்னைக்கு நடுவில் பள்ளம் எடுத்து, கதம்பையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க வரிசையாக அடுக்கி மண்ணால் மூடுங்கள். மழையில் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். ஒரு தடவை புதைத்தால் ஐந்து முதல் ஏழு வருடம் வரை பலன் இருக்கும். எங்கள் கிணற்றோரத்து ரெண்டு மூட்டுக்கும் இப்படிச் செய்திருக்கிறது. இந்தக் கோடையில் மற்ற மரங்களின் கீழ் ஓலை தொங்கியபோது அவை நிமிர்ந்து நின்றன. கிணற்றோரம் என்பதாலும் இருக்கலாம், முழுப் பெருமையையும் கதம்பைக்கே கொடுக்க மாட்டேன்.

ஈத்தாமொழியிலிருந்து ஒருவர்: "இங்கே கதம்பையைப் புதைத்தால் சிரிப்பார்கள். கயிறுக்காரர்கள் வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிறார்கள்." எடுத்துப் போனால் விற்றுவிடுங்கள், அந்தக் காசுக்குச் சாணம் வாங்குங்கள். ஆனாலும் உங்கள் கடலோர மணலுக்குத்தான் கதம்பை அதிகம் வேண்டும், செம்மண்ணைவிட அதில் தண்ணீர் நிற்பது குறைவு.

மே 3

நேற்றைய குறிப்பைப் படித்த செவிலியர் ஒருவர் எழுதியது: "குழிந்த பக்கம் மேலே வைக்கச் சொல்லாதீர்கள், கொசு முட்டையிடும்."

புதைக்கிறபோது மட்டும்தான் குழிந்த பக்கம் மேலே, அதன்மேல் மண் வருகிறது. புதைக்காமல் தடத்தின்மேல் பரப்பி வைப்பதாக இருந்தால் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும், முதுகு மேலே. ரெண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் குழப்பம் வந்திருக்காது. அவர் கேட்டதும் நல்லதாகப் போயிற்று.

டெங்குக் கொசுவின் முட்டை தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். முதல் மழையில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். அதனால் கோடை கடைசியில் முற்றத்தை ஒரு சுற்று வர வேண்டும். சிரட்டை, கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை), பாக்குப் பாளை, பெயின்ட் டப்பா, டைல்ஸ் போட்ட மிச்சத்தை மூடிய தார்ப்பாய், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு. ரப்பர் வெட்டு நிறுத்தியிருக்கிறவர்கள் மரத்தில் கட்டிய சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். ஊரில் பாதிக் கொசு அங்கேதான் பிறக்கிறது என்பது என் சந்தேகம்.

மே 8

உரக்குழி. இதை மழைக்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் போடாதவர்கள் தென்னை வண்டைப் பற்றிப் பிறகு புலம்பக் கூடாது.

காண்டாமிருக வண்டு முட்டையிடுவது சாணக்குழியிலும் மட்கிய மரத்திலும். கட்டைவிரல் தடிமனில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழு அதுதான். மழை தொடங்கும்போது வண்டு நடமாட்டம் கூடும். குருத்தைக் குடைந்து தின்றபின் ஓலை விரிகிறபோது கத்தரியால் வெட்டியதுபோல முக்கோணமாக வெட்டுத் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. ரப்பரை லாரியில் ஏற்றிப் போனார்கள், தென்னந்தடியைப் பலர் விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்து விளையில் (தோப்பில்) அப்படி மட்கிய தடிகளைப் பிளந்தபோது உள்ளே புழு நெளிந்தது. அந்த வருடங்களில் எங்கள் மரத்துக் குருத்து ஒன்றும் சரியாக விரியவில்லை.

குழியைப் புரட்டினால் கோழியைத் திறந்துவிடுங்கள், பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். மிச்சப் புழுவுக்கு மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூஞ்சாணம் வேளாண் பல்கலைக்கழக நிலையங்களில் கேட்டால் கிடைக்கும், குழியில் கலந்துவிட வேண்டியதுதான். பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ போன் செய்துவிட்டுப் போங்கள். மரத்துக்கு: வேப்பம்புண்ணாக்குப் பொடி ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து மேலே உள்ள மூன்று ஓலைக் கவட்டில் வைக்கச் சொல்லுங்கள். தேங்காய் வெட்ட ஏறுகிறவரிடம் கீழே நிற்கும்போதே பையைக் கொடுத்துவிட வேண்டும். ஏறின பிறகு ஞாபகம் வந்தால் அவர் இறங்கி வரமாட்டார், அடுத்த வெட்டுக்குத்தான்.

எரிக்காதே என்று இந்தப் பக்கம் முழுக்கச் சொன்னேன். வண்டுப் புழு நிறைந்த மட்கிய தடி கிடைத்தால் அதைப் பிளந்து எரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள், மனிதர் கொஞ்சம் சமாதானம் ஆவார்.

மே 9

"தென்னைக்குக் கீழே நிற்கிற வாழை இலை, கொய்யா இலை எல்லாம் கறுத்துப் போயிருக்கிறது, புகை போட்டால் போகுமா?"

போகாது. அது சுருள் வெள்ளை ஈ கழிக்கிற தேன்போன்ற நீரில் வளர்ந்த கரும்பூசணம். தென்னோலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெள்ளையாகச் சுருள் சுருளாகக் கோலம் இருக்கும். 2016 வாக்கில் பொள்ளாச்சிப் பக்கம் தொடங்கி இப்போது எங்கும் பரவிவிட்டது. கடையில் ஏதாவது விஷமருந்து தருவார்கள், வாங்காதீர்கள். இந்த ஈயைத் தின்கிற என்கார்சியா என்கிற குட்டிக் குளவியும் அதில் சாகும், ஈ திரும்பக் கூடுதலாக வரும். ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஷீட் கட்டுங்கள். கறுத்த இலைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துப் பசையாகக் காய்ச்சித் தெளித்தால் காய்ந்து பொருக்காக உதிரும். நல்ல மழை அடித்தாலும் கழுவிவிடும், அதனால் நான் பெரும்பாலும் மழையையே நம்பி இருந்துவிடுகிறேன். சோம்பல் என்றும் சொல்லலாம்.

மே 14

மரம் ஏறுகிறவர் இன்றும் வரவில்லை. திங்கள் என்றார், புதன் என்றார், இன்று போனை எடுக்கவில்லை. ஊரில் எல்லார் தேங்காயும் அவர் ஒருவர் கையில்.

அவர் வராத நேரத்தில் பார்த்த வேலைகள். ஓட்டில் உடைந்ததை மாற்றியாயிற்று. கூரைத் தண்ணீர் ஓடுகிற பாத்தியில் அடைத்திருந்த மாவிலையை வாரினோம். அடியில் கறுப்பாகக் கிடந்த மட்கு அருமையான உரம், அப்படியே காந்தாரி மிளகாய்ச் சட்டிகளுக்குப் போயிற்று. கிணறு தூர் எடுக்கிறவர்கள் இந்த ரெண்டு வாரத்துக்குள் எடுங்கள், இதைவிடத் தண்ணீர் இறங்காது. இறங்குவதற்கு முன் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பாருங்கள், அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. இதைச் சொன்னால் கூலிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முருங்கையை இப்போதே கழித்துவிடுங்கள். காற்றுக்கு முதலில் முறிவது அதுதான். வெட்டிய கொம்பு எதையும் வீணாக்க வேண்டாம், கைத்தண்டு கனத்தில் மூன்றடி வெட்டி நிழலில் சாய்த்து வைத்து, மழை நிலைத்ததும் ஊன்றலாம். சாயங்காலம் இடி கேட்டதும் மோட்டார் ஸ்விட்ச் மட்டும் அணைத்தால் போதாது, பியூஸையே பிடுங்கி வையுங்கள்.

மே 17

பலாவின் அடியிலும் மாவின் அடியிலும் விழுவதை எல்லாம் சருகோடு சேர்த்துத் தென்னை மூட்டில் தள்ளுகிறேன் என்று கருங்கல்காரர் எழுதியிருக்கிறார். நில்லுங்கள், பழத்தைத் தள்ளாதீர்கள்.

விழுந்த மாம்பழத்துக்குள் நெளிவது பழ ஈயின் புழு. அது மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிப் புது ஈயாக வரும். சருகுக்கு அடியில் போட்டால் நீங்களே அதற்கு மெத்தை போட்டுக் கொடுத்த கணக்கு. தினமும் பொறுக்கிக் கெட்டி பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் ஒரு வாரம் போடுங்கள், புழு வெந்துவிடும். அப்புறம் குழிக்குப் போகலாம். மரத்தில் கெணி (பொறி) வைக்க ஆசைப்பட்டால் சிரட்டையில் துளசி இலையைக் கசக்கிப் போட்டு, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு துளி பூச்சிமருந்தும் சேர்த்துத் தொங்கவிடுங்கள். துளசியில் இருக்கும் மீதைல் யூஜினால் ஆண் ஈயை இழுக்கும். கடையில் விற்கிற பொறியிலும் அந்தச் சரக்குத்தான். துளசியை அதற்குக் கிள்ளலாமா என்று அம்மா முகம் சுளித்தாள். வேலி ஓரத்தில் தானாக முளைத்ததைக் கிள்ளிச் சமாளித்தோம்.

சக்கைக்குருவை (பலாக்கொட்டையை) யாராவது இன்னும் மண்ணில் பூத்தி (புதைத்து) வைக்கிறீர்களா? ஆடி மாதம் மழை அடித்து வெளியே போக முடியாத நாளில் அதை எடுத்து, முருங்கை இலை போட்டு ஒரு கூட்டு வைத்தால் மீன் இல்லாத குறை தெரியாது. எங்கள் வீட்டில் வருக்கைக் குரு மட்டும்தான் வைப்பது. கூழன் (சுளை குழைவான பலா) குரு சீக்கிரம் முளைத்துவிடுகிறது என்பது அத்தையின் கட்சி. எனக்கு அதில் வித்தியாசம் தெரிந்ததில்லை.

மே 22

விதை போட ஆரம்பிக்கலாம். ரெண்டாவது, மூன்றாவது கோடை மழை வந்துவிட்டது, பகலில் மேற்கே கருக்கிறது.

ஓணத்துக்கு வீட்டுக் காய் வேண்டும் என்றால் பயறு, வெண்டை, வழுதலை (கத்தரி), புடலை, தடியங்காய் (நீர்ப்பூசணி) எல்லாம் இப்போது மண்ணுக்குள் போக வேண்டும். தரை மட்டத்தில் போடாதீர்கள், மழையில் முங்கும். ஒரு அடி உயரத்துக்கு வாரம் (மண் வரப்பு) எடுத்து அதன்மேல் போடுங்கள். விதைப்பதற்கு ரெண்டு வாரம் முன்பே நீற்றுச்சுண்ணாம்பு தூவியிருக்க வேண்டும். தூவாதவர்கள் இப்போது கொஞ்சமாகத் தூவி, ஒரு மழைக்குப் பொறுத்து விதையுங்கள். சுண்ணாம்பும் உரமும் ஒரே நாளில் வேண்டாம்.

சிவப்புக் கீரை இப்போது போட்டால் மழையில் இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும். பச்சைக் கீரை அதைவிடத் தாங்கும். ஆசைக்கு ரெண்டையும் கலந்து விதைத்தால் நோய் பரவுவது குறைகிறது. நல்லமிளகுக் கொடி கேட்டவர்கள் பொறுங்கள், ஜூன் சாரல் நிலைத்த பிறகு முருக்கின் (முள்முருங்கை மரத்தின்) வடக்குப் பக்கமாக நடலாம். தெற்கு வெயில் இளங்கொடியைக் கருக்கும்.

மரச்சீனிக் கம்பை ஒரு சாணுக்குக் குறையாமல் வெட்டி, கண் மேலே பார்க்க நேராக ஊன்றுங்கள். தலைகீழாக ஊன்றினாலும் முளைக்கும், பட்டணத்தில் இருந்து லீவுக்கு வந்த என் அண்ணன் மகன் அதை நிரூபித்துக் காட்டினான். ஆனால் பிந்தும்.

மே 25

அருமனையிலிருந்து ஒரு அக்கா: "உங்கள் பேச்சைக் கேட்டுச் சருகு சேர்த்து வைத்தோம். நேற்று அதற்குள் விரியன் கிடந்தது. இனி எரிப்பதுதான்."

இந்த ஒரு காரணத்துக்காக எரிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பயம் பயம்தான். ஆனால் அக்கா, நீங்கள் எழுதியிருப்பது கும்பாரமாகக் கூட்டி வைத்த சருகு, அதுவும் குளிமுறிக்கு (குளியலறைக்கு) பின்னால். கும்பாரத்தில் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். நாலு விரல் தடிமனில் பரப்பிய சருகில் அது படுக்க இடம் இல்லை. கதம்பைக் குவியலும் ஓலைக் கட்டும் விறகடுக்கும் இதே கணக்குத்தான். வாரியதை அன்றைக்கே பரப்பிவிடுங்கள், வீட்டில் இருந்து தள்ளி. சருகில் கையை விடாமல் கம்பால் கிளறுங்கள். சாயங்காலத்துக்கு மேல் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் மரத்தடிக்குப் போக வேண்டாம்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். கடித்த காலை ஆட்டாமல் நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி போன்று விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏப்ரல் 23-ல் சிதலுக்காக நாலடி என்று எழுதினேன். பாம்பையும் சேர்த்துப் பார்த்தால் பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சென்டில் வீடு கட்டியிருப்பவர்களுக்குப் பத்தடி கிடைக்காது என்பது தெரியும். அவர்கள் சருகை ஒரு சிமென்ட் உறையில் மூடி போட்டு மட்க வைப்பது நல்லது.

மே 29

மரம் ஏறுகிறவர் வந்தார். வேப்பம்புண்ணாக்குப் பையைக் கொடுத்தேன். வண்டு குடைந்த ஒரு குருத்தைக் கம்பியால் குத்தி வண்டையும் எடுத்துக் கீழே போட்டார். காசும் கூட்டிக் கேட்டார், கொடுத்தேன்.

ஜூன் 3

பேச்சிப்பாறை அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 1-ல், கேரளத்தில் மழை தொடங்கும் சராசரி நாளும் அதுதான். இங்கே முந்தாநாளிலிருந்து சாரல். முற்றம் வாரும் வேலை நின்றுவிட்டது, வாரினாலும் ஒட்டிக்கொண்டு வராது.

வாழைக்கு முட்டுக் கொடுக்காதவர்கள் இன்றே பாருங்கள். குலை தள்ளிய ஏத்தன் (நேந்திரன்) காற்றுக்கு நிற்காது. மட்டி அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வாழை என்று காற்றுக்குத் தெரியாது. ரெண்டு கம்பைக் கத்தரிக்கோலாகக் கட்டிக் குலை சாய்கிற பக்கம் தாங்கக் கொடுங்கள். கம்பு கிடைக்காவிட்டால் பக்கத்து மரத்தோடு கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்கள், கயிறு தண்டை அறுக்காமல் இருக்கக் காய்ந்த வாழைச் சருகை இடையில் வையுங்கள். ஆரல்வாய்மொழி அண்ணாச்சி இதை எனக்குச் சொல்லித்தர வேண்டியவர், அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை. காற்றில் இருக்கிறார் போல.

ஜூன் 7

ரெண்டு கேள்வி வந்திருக்கிறது.

"மூட்டில் போட்ட சருகுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடுகிறது, எடுத்துவிடவா?" எடுக்காதீர்கள். அந்தப் பூஞ்சாணம்தான் இலையை மட்க வைக்கிறது, தென்னை வேரை ஒன்றும் செய்யாது. காய்கறி வாரத்தில் மட்டும், தண்டை ஒட்டிச் சருகு நனைந்து கிடந்தால் கொஞ்சம் விலக்கிவிடுங்கள், தண்டு அழுகும்.

"நத்தை. பெரிய ஆப்பிரிக்க நத்தை. பப்பாளியையும் பயறையும் ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிட்டது, உப்புத் தூவலாமா?" சருகு போட்டதால் வந்ததா என்று கேட்காமல் கேட்கிறீர்கள். ஈரச் சருகு அதற்குப் பிடிக்கும், மறைக்க மாட்டேன். அதனால் காய்கறி இருக்கிற பக்கம் மழை குறைகிற வரை சருகு போடாமல் விடுங்கள், தென்னைப் பக்கம் இருக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் போட்டு வைத்தால் அதில் வந்து கூடும். கையுறை போட்டுத்தான் பொறுக்க வேண்டும், அதன் உடம்பில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு இருக்கலாம். பிள்ளைகளை விளையாட்டுக்குக்கூடப் பொறுக்க விடாதீர்கள். உப்பைச் செடி மூட்டில் தூவினால் செடியும் சேர்ந்து போகும். வாளியில் கெட்டியாக உப்புத் தண்ணீர் கலக்கி, பொறுக்கியதை அதில் போடுங்கள். மறுநாள் காலையில் செடி எதுவும் இல்லாத மூலையில், கிணற்றுக்கு எட்டாத இடத்தில் குழி தோண்டி மூடிவிடுங்கள்.